குரோமில் விழுந்த புள்ளி

ஏனுங்க தம்பி, இந்த வாட்டர் வாஷுக்கு நீங்கதான் முதலாளிங்களா? செத்த உட்காரலாமுங்களா? என்ற பேரு சென்னியப்பனுங்க. காங்கயத்துல தேங்காய்க்களம் போட்டிருக்கறேன். களத்துக்காரர்னு கேட்டா பஸ் ஸ்டாண்டுலயே கையைக் காட்டி வழி சொல்லுவாங்க. உங்க பேருங்க? பூபதிங்களா? நல்ல பேரு.

டீயெல்லாம் வேண்டாமுங்க, சுகரு. வண்டி அதா, வேப்ப மரத்தடியில நிக்குதுங்க, அந்த வெள்ளைப் பெரிய வண்டி. வேலை அதுக்குத்தான். நாலு வீலையும் பாக்கோணும். அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒரு சங்கதி பேசோணும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றனுங்க.

அந்த மூலையில ஊதாச் சட்டை போட்டுக்கிட்டு, சிவப்பு வண்டிகிட்ட குத்த வச்சுட்டிருக்கறானே, நரைச்ச தலை, அவன் யாருன்னு தெரியுங்களா? கிட்டுசாமி. ஆமாங்க, பேரு உங்களுக்குத் தெரியும். யாருன்னு கேக்கறேன். என்ற மச்சினனுங்க அவன். என்ற ஊட்டுக்காரி மைனாவதியோட கூடப் பொறந்த தம்பி. சொல்லலீங்களா? எப்படிச் சொல்லுவான்! சொன்னா நீங்க என்னையக் கேப்பீங்க. கேட்டா நான் உண்மையைச் சொல்லிப் போடுவேன்.

நல்லா வேலை செய்யறானா? செய்வானுங்க, செய்வான். யாரு பழக்குனதுங்கறீங்க? உங்களுக்கு இன்னைக்குப் பழக்குன ஆளு கெடச்சிருக்கறான்னா அது என்னாலதான். ஆனா கைராசி சரியில்லாத ஆளுங்க. என்ற வீலு நாலையும் கெடுத்துப் போட்டவன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

வீலுன்னா சும்மா வீலில்லைங்க. குரோம். கம்பெனில வர்றதெல்லாம் சாம்பல் கலர்ல மந்தமா இருக்குமில்லைங்களா? அதைக் கழட்டிப் போட்டுட்டு, கோயமுத்தூர்ல தனியா சொல்லி வச்சு வாங்குனது. மூஞ்சி தெரியும். சத்தியமாத் தெரியுமுங்க, நின்னு தலை சீவிக்கலாம். ஒரு கல்யாணத்துக்குப் போனா, காதுகுத்துக்குப் போனா, இறங்கற ஆளை எவன் பாக்கறான்? வீலைத்தான் பாப்பான். "என்னங்க களத்துக்காரரே, வீலு இப்படி டாலடிக்குது"ன்னு கேக்காத ஆளில்லை. எனக்கு அதுல ஒரு சந்தோசம். மனுசனுக்கு ஒரு சந்தோசம் இருக்கக் கூடாதுங்களா?

அதுல ஒரே ஒரு தொந்தரவு, உங்களுக்குத் தெரியாததில்லை, பிரேக் தூளு. முன்வீலு ரெண்டுலயும் கறுப்பா அப்பிக்கும். நம்மளுக்கு மாசத்துக்கு ஒருக்காப் பழனி. கோத்தகிரியில ஒரு சின்னத் தோட்டம் இருக்குது, அதுக்கு ஒரு நடை. மலை இறங்கறப்ப பிரேக்கை மிதிச்சுக்கிட்டேதான வரோணும்? பிரேக் கட்டை தேய்ஞ்சு, அந்தத் தூளு சூட்டோட சூடா வீலுல போயி ஒட்டிக்கிது. தண்ணி ஊத்துனா போகாது. துணில துடைச்சா இழுவிக்கும். ஒரு பனி விழுந்துச்சுன்னா காலைல பாத்தா துரு நெறத்துல புள்ளி புள்ளியா நிக்கும். குரோமுக்கு மேல பிரேக் தூளு ஒட்டுறது, வெள்ளை வேட்டில வெத்தலை எச்சில் தெறிச்சாப்பல. எனக்கு அதைப் பாத்தா சோறு எறங்காதுங்க.

டிரைவருங்க நாலஞ்சு பேரு வந்தானுங்க, போனானுங்க. "வண்டி ஓட்டத்தான் வந்தோம், வீலு நக்க வரலை"ன்னு ஒருத்தன் மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டுப் போனான். அப்பத்தான் இந்தக் கிட்டு வந்து சேர்ந்தானுங்க.

வெள்ளகோயில்ல தறி ஓட்டிட்டிருந்தான். குடோன்ல கரண்டுக் கோளாறு, தீப்பிடிச்சு, தறியெல்லாம் இரும்புக் கூடாயிருச்சு. அவன் சம்சாரம் அதுக்கு முன்னாலயே வெலகிப் போயிட்டா. குழந்தை குட்டி இல்லை. ஒத்தை ஆளு. ஒரு பையைத் தூக்கிக்கிட்டு அக்கா ஊட்டு வாசல்ல வந்து நின்னான். மைனாவதி, பாக்கோணுமே, ஓடிப்போயி பையை வாங்குறா, சொம்புத் தண்ணி குடுக்கறா, கண்ணைத் துடைக்கறா. மாடில ரூமைத் தொறந்து விடறேங்கறா. நான் சொன்னேன், "மாடி ரூமு நாளைக்குப் பொண்ணுக்கு மாப்பிள்ளை வந்தாத் தங்கறதுக்கு. மோட்டார் ரூமு காலியாத்தான கெடக்குது?"ன்னு. மோட்டார் சத்தம் கொஞ்சம் இருக்குமுங்க. தூங்கற நேரத்துல நிறுத்திக்கலாமில்லைங்களா? நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

ஆனா பாருங்க, ஒரு மனுசனைச் சும்மா உட்கார வச்சுச் சோறு போடக் கூடாது. அது அவனைக் கேவலப்படுத்தறாப்பல. அதனாலதான் வேலை குடுத்தனுங்க. "கிட்டு, இனிமே வண்டிய நீ பாத்துக்க. வீலுதான் முக்கியம்"னேன். அவனும் தலையாட்டுனான். முறைக்கு நான் அவனை மாப்ளைனு கூப்பிடோணும். ஆனா வேலைக்காரனை மாப்ளைனு கூப்பிட்டா வேலை நடக்குமுங்களா? டேய் கிட்டுன்னுதான் கூப்பிடுவேன். மொதல்ல கொஞ்சம் மூஞ்சி சுருங்குனான். அப்புறம் பழகிட்டான். மனுசன் எல்லாத்துக்கும் பழகிக்குவானுங்க.

அவன்கிட்ட ஒரு கெட்ட பழக்கம். வண்டி வந்து நின்னதும் ஓடிவரமாட்டான். "சூடு ஆறட்டுங்க மாமா"ம்பான். "சூட்டுல தண்ணி பட்டா குரோம் வெடிச்சுப் போயிருமுங்க மாமா"ம்பான். எனக்கே பாடம் எடுக்கறான்! நான் வண்டிய விட்டு எறங்கறப்பவே அவன் வீலுகிட்ட உட்கார்ந்திருக்கோணும். அது சட்டம். ஒரு தடவை கோத்தகிரில இருந்து நேரா வந்து நிறுத்துறேன், இவன் நின்னு வேடிக்கை பாக்கறான். கையைப் பிடிச்சு இழுத்து, வீலு சந்துல துணியோட திணிச்சு, "இப்பத் துடை"ன்னேன். உள்ள பிரேக் தட்டு கொதிச்சுட்டிருக்குமில்லைங்களா, பட்டுருச்சு. ஆ ஊன்னு ஒரு சத்தம். மைனாவதி சமையக்கட்டுல இருந்து எட்டிப் பாத்தா. "ஒண்ணுமில்லைக்கா, எறும்பு"ங்கறான். நல்ல ஆளுங்க, அந்த விசயத்துல நல்ல ஆளுதான். ஊட்டுல சண்டை மூட்டி விட மாட்டான்.

அப்புறம் பரிட்சை வைப்பேன். சும்மா ஒரு தமாசு. அவன் துடைச்சு முடிச்சதுக்கப்புறம் வீலு சந்துல, அந்தப் போல்ட்டு போடற குழில, ஆள்காட்டி விரலை விட்டுத் தடவிப் பாப்பேன். கறுப்பு வரும். எப்படித் தேய்ச்சாலும் எங்காவது கொஞ்சம் வருமுங்க. அதை அவன் நெத்தியில நீளமா இழுத்து விட்டுருவேன். "இந்தா, இன்னைக்கு உன்ற திருநீறு"ம்பேன். களத்து ஆளுங்கெல்லாம் சிரிப்பானுங்க. என்ற பொண்ணு சிந்துஜாவும் மொதல்ல சிரிச்சா. ஒரு நா சிரிக்காம உள்ள போயிட்டா. பொட்டப் புள்ளைங்களுக்கு மனசு இளகுனதுங்க. கிட்டு அதைத் துடைக்காம அப்படியே உட்கார்ந்திருப்பான். ஏன்னா துடைச்சா மறுபடியும் வைப்பேன்.

என்னங்க, மூஞ்சி ஒரு மாதிரி ஆகுது? தமாசுங்க. நம்ம ஊருல மாமன் மச்சினன் கேலி இல்லாததுங்களா?

சரி, விசயத்துக்கு வர்றேன். சிந்துஜாவுக்குக் கல்யாணம் வச்சோம். மாப்பிள்ளை ஊடு பல்லடம் பக்கம்தான், பெரிய கோழிப்பண்ணை. நம்ம கல்யாணத்துல தாய்மாமனுக்கு எடம் உங்களுக்குத் தெரியுமில்லைங்களா? தாய்மாமன் வந்து பொண்ணு நெத்தியில பட்டம் கட்டாம ஒண்ணும் நடக்காது. மைனாவதி ரெண்டு மாசத்துக்கு முன்னாலயே தம்பிக்குப் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை எடுத்து வச்சுட்டா. "எங்கப்பன் இல்லாத குறைக்கு என்ற தம்பி நிக்கறான்"னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறா. இவனும் மோட்டார் ரூமுல கண்ணாடி முன்னால நின்னு தலைப்பாகை கட்டிப் பாத்தானாம். களத்துல வேலை செய்யற பொம்பளை வந்து சொல்லிச் சிரிச்சா.

நான் என்ன நெனச்சேன் தெரியுங்களா? நாளைக்கு மேடையில பெரிய பெரிய ஆளுங்க நிப்பாங்க. சம்பந்தி ஊட்டுச் சனம் நிக்கும். அவங்க முன்னால, தறி எரிஞ்சவன், பொண்டாட்டி விட்டவன், வீலு துடைக்கறவன், என்ற புள்ளை நெத்தியைத் தொட்டு மங்கலக் காரியம் பண்றதா? எனக்குச் சரியாப்படலைங்க. மைனாவதிக்குப் பெரியப்பன் மகன் ஒருத்தன் இருக்கறான், சாந்தமூர்த்தி, கிரானைட் குவாரி. அவனும் ஒண்ணுவிட்ட மாமன்தான? அவன்கிட்ட முன்னாலயே சொல்லி வச்சேன், "நீ தயாரா இரு, எதுக்கும் இருக்கட்டும்"னு. மைனாவதிகிட்ட சொல்லலை. பொம்பளைங்ககிட்ட எல்லாத்தையும் சொல்ல முடியுமுங்களா?

கல்யாணத்துக்கு முந்துன வாரம் பத்திரிக்கை வைக்கப் பழனி, கோத்தகிரின்னு அலைச்சல். ஒரே மழை வேற. வண்டிய மண்டபத்துக்குப் பின்னால நிறுத்துனதோட சரி, வீலைப் பாக்க நேரமில்லை. கல்யாணத்தன்னிக்குக் காலைல பூ ஜோடிக்கறதுக்காக வண்டிய முன்னால எடுத்துட்டு வர்றானுங்க, பாக்கறேன், முன்வீலு ரெண்டும் தவிட்டு நெறம். பிரேக் தூளு மழைத் தண்ணி பட்டுத் துருவேறி, கம்பி கம்பிக்கு நடுவுல பொறிப் பொறியா நிக்குது. இந்த வண்டிலதான் பொண்ணு மாப்பிள்ளை போகோணும்!

"கிட்டு எங்கடா?"ன்னேன். பட்டு வேட்டி கட்டி, சந்தனம் வச்சு, மாப்பிள்ளையாட்ட வந்து நிக்கறான். "இதென்னடா?"ன்னேன். "மாமா, சடங்கு முடிஞ்சதும் பாத்துக்கலாமுங்க, ஊற வச்சு மெதுவா எடுக்கோணும்"ங்கறான். எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. மண்டபத்துப் பாத்ரூம் கழுவறதுக்கு ஆசிட்டுக் கேன் வச்சிருந்தாங்க. அதைக் கொண்டாந்து அவன் கையில குடுத்தேன். "ஊத்தித் தேய்"ன்னேன்.

"வேண்டாமுங்க மாமா, குரோம் போயிரும்."

"நீ சொல்லி நான் கேக்கோணுமா?"

"கையுறைகூட இல்லைங்க. பட்டம் கட்டற கை மாமா."

பட்டம் கட்டற கையாம்! அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இவன் தலைக்கு எதோ ஏறிக் கெடக்குதுன்னு. "பட்டம் கட்டறதை அப்புறம் பாக்கலாம். வீலு பளிச்சுனு ஆகற வரைக்கும் நீ எந்திரிக்கக் கூடாது"ன்னேன். பூ ஜோடிக்கற பசங்க, மேளக்காரங்க எல்லாம் பாக்கறாங்க. அவன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தான். ஊத்துனான். புகைஞ்சுச்சு. துணி கிழிஞ்சு போச்சு, வெறுங் கையில தேய்ச்சான். நான் நின்னு பாத்துட்டு உள்ள போயிட்டேன். ஆயிரம் வேலை இருக்குதில்லைங்களா?

வேணும்னு பண்ணலைங்க. ஆனா நல்லதாத்தான் போச்சுன்னு அப்ப நெனச்சேன். ஏன்னா மேடையில "தாய்மாமனை வரச் சொல்லுங்க, தாய்மாமனை வரச் சொல்லுங்க"ன்னு கூப்பிடறாங்க. ஆளைக் காணோம். மைனாவதி நாலாபக்கமும் பாக்கறா. நான் சாந்தமூர்த்திக்குக் கண்ணைக் காட்டுனேன். அவன் தலைப்பாகையைக் கட்டிக்கிட்டு ஏறுனான். கம்பீரமா இருந்துச்சுங்க, பொய் சொல்லக் கூடாது.

அந்த நேரம் பாத்து இவன் ஓடியாறான். மண்டபத்து நடுவுல, சேருக்கெல்லாம் இடிச்சுக்கிட்டு. வேட்டியெல்லாம் ஓட்டை. ரெண்டு கையும் அவிச்ச கெழங்காட்ட தோலு உரிஞ்சு செவந்து கெடக்குது. மேடை ஓரத்துல வந்து நின்னு, "அக்கா, வந்துட்டேன்"ங்கறான். மூச்சு வாங்குது. நான் குறுக்க போயி நின்னேன். "எட்டி நில்லுடா, ஆசிட்டு நாத்தம் அடிக்குது. இந்தக் கையில என்ற புள்ளையத் தொடப் போறியா?"ன்னு கேட்டேன். கேக்கோணுமில்லைங்களா? தோலு உரிஞ்ச கை, எதாவது ஒட்டிக்கிச்சுன்னா?

சிந்துஜா அவ அம்மாவைப் பாத்தா. மைனாவதி என்னையப் பாத்தா. நான் ஒரு பார்வை பாத்தேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. சாந்தமூர்த்தி பட்டத்தைக் கட்டிட்டான். போட்டோக்காரன் கிட்டுவைப் பாத்து, "பெரியவரே, கொஞ்சம் நகருங்க, பிரேம்ல வர்றீங்க"ன்னான். நகர்ந்துட்டான். கீழ நின்னு ரெண்டு கையையும் தூக்கி, பொண்ணுக்கு ஆசீர்வாதம் பண்றாப்பல, கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருந்தான். கையை மடக்க முடியலை போலிருக்குது. அப்புறம் வெளிய போயிட்டான். பந்தியில ஆளில்லை. மோட்டார் ரூமுக்கும் வரலை. அன்னைக்குப் போனவன்தானுங்க.

இதுல எனக்கு வருத்தமே இல்லைங்க. எனக்கு வருத்தமெல்லாம் அதுக்கப்புறம் நடந்ததுலதான். பொண்ணு மாப்பிள்ளை ஏறுறாங்க, எல்லாரும் வண்டியச் சுத்தி நிக்கறாங்க. சம்பந்தி குனிஞ்சு பாக்கறாரு. "என்னங்க களத்துக்காரரே, வீலுக்குச் சொறி புடிச்சிருக்குதா?"ன்னு கேட்டுச் சிரிக்கறாரு. அத்தனை பேரும் சிரிக்கறாங்க. எனக்கு அந்த எடத்துலயே செத்துப் போயிரலாம்னு இருந்துச்சு. பாக்கறேன், முன்வீலு ரெண்டும் பொரிஞ்சு போயிக் கெடக்குது. மினுமினுப்பே இல்லை. சில எடத்துல குரோம் தோலாட்ட உரிஞ்சு தொங்குது. பின்வீலுலயும் தெறிச்சுப் புள்ளி விழுந்துருச்சு. ஒருத்தன் என்னைய நாலு பேருக்கு முன்னால இப்படிக் கேவலப்படுத்திட்டுப் போறான், நான் அவனுக்குச் சோறு போட்டிருக்கறேன்! நீங்களே சொல்லுங்க தம்பி, இது நியாயமுங்களா? நாலு பேருக்கு முன்னால ஒரு மனுசனை அவமானப்படுத்தறது எவ்வளவு பெரிய பாவம்?

இருங்க, இன்னும் இருக்குது. அன்னையில இருந்து மைனாவதி என்கூடப் பேசறதில்லைங்க. சோறு போடுவா, துணி மடிச்சு வைப்பா, மாத்திரையை எடுத்து வைப்பா. வாயைத் தொறக்க மாட்டா. நான் கேட்டாலும் தலைதான் ஆடும். கல்லாட்ட. பொண்ணு அவ அம்மாகூட மட்டும் போன்ல பேசறா. நான் வாங்குனா, "அம்மாகிட்ட குடுங்க"ம்பா. வளைகாப்புக்குக்கூட, "நீங்க சடங்கு முடிஞ்சு வாங்கப்பா, சாப்பாட்டுக்கு வந்தாப் போதும்"னு சொல்லிட்டா. என்னையத்தான்! பெத்த அப்பனை! நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்? யோசிச்சுப் பாத்தேன். மலை இறங்கறப்பல்லாம் யோசிச்சுப் பாத்தேன். எல்லாம் இந்த வீலால வந்தது. வீலு நல்லா இருந்திருந்தா சம்பந்தி சிரிச்சிருக்க மாட்டாரு, எனக்குக் கோவம் வந்திருக்காது, ஊட்டுக்கு வந்து நான் மைனாவதிகிட்ட அப்படிக் கத்திருக்க மாட்டேன். கை நீட்டுனது ஒரே ஒரு தடவைதானுங்க. அதுவும் மெதுவா.

இன்னைக்குக் காலைல அவ பேசுனா. இத்தனை மாசம் கழிச்சு. பல்லடத்துல இருந்து பூக்காரி ஒருத்தி சொன்னாளாம், "உங்க தம்பி இங்க கார் கழுவற எடத்துல இருக்கறாரு"ன்னு. எனக்குத் தட்டுல தோசையைப் போட்டுட்டு நின்னா. "ஒருக்காக் கிட்டுவைப் பாக்கோணும்"னா. குரல் யாரோ மாதிரி இருந்துச்சுங்க. எனக்கு மனசு கேக்கலை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லைன்னு முன்னாலயே சொன்னனில்லைங்களா? "சரி வா, காட்டறேன்"னு கூட்டியாந்துட்டேன்.

ஆமாங்க, வண்டிலதான் இருக்கறா. பின்சீட்டுல. கண்ணாடிக்குக் கறுப்பா கூலிங் பேப்பர் ஒட்டியிருக்கறதால உங்களுக்குத் தெரியலை. உள்ள இருந்து பாத்தா வெளிய நல்லாத் தெரியுமுங்க. வெளிய இருந்து உள்ள ஒண்ணும் தெரியாது.

ஏனுங்க, எந்திரிக்காதீங்க, உட்காருங்க. ஏ.சி. ஓடுது. வெய்யல்ல வேக வைக்க நான் என்ன அரக்கனுங்களா? எஞ்சின் ஓடறப்பவே வெளிய இருந்து பூட்டிக்கறாப்பல தனியா லாக்கு போட்டிருக்கறேன், சாவி என்ற கையில. பின்கதவு உள்ள இருந்து தொறக்காது, கண்ணாடி எறங்காது. வர்ற வழியிலயே பேசி முடிவு பண்ணிட்டோம். பாக்கலாம், பேசக் கூடாது. பாக்கோணும்னுதான கேட்டா? பேசோணும்னு கேக்கலையே. இவங்க ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சு அழுதா, பாக்கறவங்க என்னையப் பத்தி என்ன நெனைப்பாங்க? அவ பக்கத்துலயே அவன் உட்கார்ந்து வீலைத் தேய்ப்பான், அவ ஆசை தீரப் பாத்துக்கட்டும். எனக்கும் வீலு ஆச்சு.

கிட்டுவைக் கூப்பிடுங்க. நீங்க கூப்பிடலைன்னா நான் கூப்பிடறேன். டேய் கிட்டு! இங்க வாடா!

வர்றான் பாருங்க. கையில ரப்பர் உறையெல்லாம் போட்டிருக்கறான், ராசாவாட்டம். என்ன கிட்டு, சௌக்கியமா? மாமன் வந்திருக்கறேன்.

என்னது? கேட்டீங்களா தம்பி? "வாங்க சார்"ங்கறான். என்னைய! சாராம்! மாமான்னு வாய் வரலை. "முன்னால ரெண்டு வண்டி நிக்குது, வரிசைல வாங்க சார்"ங்கறான். டேய், நான் யாருன்னு தெரியுதா? தெரியுதுன்னு தலையாட்டறான். கோவமுமில்லை, ஒண்ணுமில்லை. கரண்டு பில்லு கட்டற எடத்துல ஆளைப் பாக்கறாப்பல பாக்கறான்.

தம்பி, இவனை இப்பவே என்ற வண்டிய எடுக்கச் சொல்லுங்க. கஸ்டமர் கேக்கறேன். ம், அப்படி. போடா கிட்டு, மரத்தடியிலதான் நிக்குது. எடது பக்கத்துல ஆரம்பி. அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கறா. உஸ்ஸ், சத்தமாச் சொல்லிட்டனுங்களா? கேட்டிருக்காது.

நாமளும் போயி நிப்போம் வாங்க. நிழலாத்தான் இருக்குது.

பாருங்க, பொறங்கையை வீலுல வச்சு சூட்டைப் பாக்கறான். அதே பழக்கம். இவ்வளவு நேரம் நான் பேசிட்டிருந்ததுல ஆறித்தான் போயிருக்கும். மருந்தை அடிக்கறான். அட, தூளு பட்ட எடமெல்லாம் கத்தரிப்பூக் கலர்ல வழியுதே! இதெல்லாம் என்னதுங்க புதுசா? பிரஷ்ஷைப் பாருங்க, பல்லு விளக்கறதாட்ட சின்னது, ஒவ்வொரு போல்ட்டுக் குழியா விடறான். எங்கூட்டுல இருந்தப்ப இப்படி ஒரு நா செஞ்சிருப்பானுங்களா?

எப்படா போகும் அந்தப் புள்ளி? என்ன சொல்றான்? "தூளு போயிரும் சார். ஆசிட்டு தின்ன எடம் வராது. தின்னது தின்னதுதான்." கேட்டீங்களா? செஞ்சவனே சொல்றான்! கொஞ்சமாவது வெக்கம் இருக்குதா பாருங்க. டேய், அந்தக் கையுறையைக் கழட்டு. கழட்டுடா, எனக்கு உன்ற கையைப் பாக்கோணும்.

ம். ஆறிடுச்சே. விரலு கொஞ்சம் கோணிக்கிச்சு, அவ்வளவுதான். நான் என்னமோ ஏதோன்னு நெனச்சேன். சரி, மாட்டிக்க, பின்வீலுக்குப் போ.

இப்பக் கண்ணாடிக்கு நேரா வந்துட்டான். ஒரு சாண் தள்ளி. என்ன தம்பி, எதோ டப் டப்னு சத்தம் வருதா? அவதான். உள்ள இருந்து கண்ணாடியத் தட்டறா. பேசக் கூடாதுன்னு சொன்னதுக்குத் தட்டறா பாருங்க, பொம்பளை புத்தி. தட்டட்டும். உங்க தண்ணி மிசினு ஓடற சத்தத்துல அவனுக்குக் கேக்காது. கேட்டாலும் தலையைத் தூக்க மாட்டானுங்க, வீலு முடியற வரைக்கும் தலையைத் தூக்கவே கூடாதுன்னு நான்தான் பழக்கி வச்சிருக்கறேன். பாருங்க, வெளிய ஒருத்தி, உள்ள ஒருத்தன்... இல்லை, மாத்திச் சொல்லிட்டேன். சிரிப்பு வருது எனக்கு.

ரெண்டு கையாலயும் தட்டறா இப்ப. வண்டியே ஆடுது. மைனா, கண்ணாடி ஒடைஞ்சுரும்டி!

ஏனுங்க தம்பி, மிசினை எதுக்கு நிறுத்துனீங்க? கையை எதுக்கு நீட்டறீங்க? சாவிங்களா? சாவி எதுக்குங்க, வண்டிய நகர்த்தோணும்னா நானே நகர்த்தறேன். ஏனுங்க, கையை விடுங்க. தம்பி, உங்களைத்தான், வலிக்குது, கையை விடுங்க.